அன்று அக்கா கையில் வளையல் இருந்தது

இதை எழுத வேண்டும் என்று முதலில் நினைத்து ஆறு வருடம் ஆகிறது. அப்போதே ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதோடு சரி. மீதிப் பக்கங்களில் என் மனைவி மார்கழிக் கோலம் வரைந்து பழகிவிட்டாள். நான் ஒன்பதாவதோடு நின்றவன், எழுத்து வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எழுதினால் என் பெயர் கெடும். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பூஜை பார்க்கிறவன் நான். நாலு பேர் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடை விட மனம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்து அம்மன் காலடியில் போட்டுவிட்டு, வெள்ளை வந்தால் எழுதுகிறேன், சிவப்பு வந்தால் விட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சிவப்புத்தான் வர வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தேன். வெள்ளை.

சமயநல்லூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர் அந்த அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். நாக்பூர், இந்தூர் என்று போனால் திரும்ப இருபது நாளாகும். அக்கா தகரக் கொட்டகை போட்ட கார் ஷெட்டில் மர வேலை செய்தார். வீடுகளுக்குச் சாமி அலமாரி, சின்னப் பூஜை மண்டபம், விளக்கு மாடம். எங்கள் வீட்டுச் சாமி அலமாரியும் அவர் செய்ததுதான். அண்ணன் வைத்திருந்த மரப் பட்டறையில் சின்ன வயதிலேயே பழகியது என்பார். அதற்கு மேல் அவருடைய கதை எனக்குத் தெரியாது.

ஷெட்டின் நடுவில் ஓர் இரும்பு மேசை. மேசையில் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள்ளிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்ட பிளேடு பாதி எழும்பி நிற்கும். பலகையை மேசைமேல் வைத்துத் தள்ளினால் அறுத்துக்கொண்டே போகும். ரம்ப மிஷின் என்று தெருவில் சொல்வோம். அக்காவையும் ரம்ப மிஷின் வீட்டக்கா என்றுதான் சொன்னோம்.

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்த மளிகைக் கடையில் எனக்கு வேலை. பத்து மணி பஸ்ஸுக்குத்தான் கிளம்புவேன். அதனால் காலை நேரம் முழுக்க அந்த மிஷின் சத்தத்தில்தான் எனக்குக் கழியும். சும்மா சுற்றும்போது ஒரு குரல். மரம் உள்ளே நுழைந்ததும் குரல் மாறி அலறும். மரம் வெளியே வந்தால் பழைய குரல் திரும்பும். அந்த இரண்டுக்கும் நடுவே நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். இட்லித் தட்டோடு வந்து நிற்கும் என் மனைவி, “ஏங்க, அறுக்கிறது அவுக. நீங்க எதுக்கு விறைச்சுப்போயி உக்காந்திருக்கீங்க?” என்பாள்.

எனக்கு மட்டுமில்லை, அக்காவுக்கும் பயம்தான். அவரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் பயம் என்றுதான் சொல்வேன். அவர் அதை மறைக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. ஒருநாள் கேட்டேன், இம்புட்டு வருஷமாச்சே, இன்னுமா பயமா இருக்கு என்று.

“இருக்கு தம்பி. இருக்கப்போயித்தான் பத்து விரலோட உங்களுக்குக் காப்பி தாரேன். பயம் போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு இதை வித்துருவேன்.”

அந்தப் பயம் அவருக்குச் சில வழக்கங்களைக் கொடுத்திருந்தது. சேலைமேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கையை முழங்கைக்கு மேல் இறுக்கி மடித்து, கழுத்துப் பொத்தான் வரை பூட்டுவார். தாலிக்கொடி சட்டைக்குள் போய்விடும். கண்ணாடி மாட்டுவார். அப்புறம் கோலமாவை எடுத்து மிஷினைச் சுற்றி ஒரு கோடு இழுப்பார். மிஷின் ஓடும்போது அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் உள்ளே போகக்கூடாது. பிளேடைத் தொட்டு ஏதாவது செய்ய வேண்டுமென்றால், சுவிட்சை அணைத்தது போதாது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, அதைக் கொண்டுவந்து மேசைமேல் தன் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் கையை வைப்பார். பிளேடின் தலைக்கு மேல் ஒரு மூடி உண்டு. அது இல்லாமல் சுவிட்சைப் போட்டு நான் பார்த்ததில்லை. சின்னத் துண்டுகளை விரலால் தள்ள மாட்டார். செருப்பு வடிவத்தில் வெட்டிய ஒரு தள்ளுகட்டை வைத்திருந்தார். பிளேடு பக்கம் போவது அந்தக் கட்டைதான், கை பின்னாலேயே நின்றுவிடும்.

பிளைவுட் பலகை கொண்டுவரும் ஆட்டோக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் கிண்டல் செய்தார். “ஏக்கா, கோயில் பட்டருகூட இம்புட்டு ஆசாரம் பாக்க மாட்டாருக்கா.”

அக்கா சிரிக்கவில்லை. “பட்டருக்கு எதிர்த்தாப்புல சாமி. எனக்கு எதிர்த்தாப்புல பல்லு. பலகைய எறக்குங்க” என்றார்.

தகரச் சுவரில் ஒரு பள்ளம் இருந்தது. மிஷின் வந்த புதிதில் பிளேடில் சிக்கிய ஒரு ரீப்பர் கட்டை எதிர்த்துப் பாய்ந்து அவர் இடுப்பை ஒட்டிப் போய் அங்கே அடித்ததாம். அதிலிருந்து அவர் பலகைக்கு நேர் பின்னால் நிற்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நிற்பார். நான் தெரியாமல் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்ற அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொரு நாள் அவருடைய போன் ஷெட்டின் வாசலில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. ஓய்ந்து, மறுபடி அடித்தது. நாலு தடவை. லாரிக்காரர் வீட்டில் போன் அப்படி அடித்தால் ரோட்டில் ஏதோ ஆகிவிட்டது என்றுதானே நினைப்போம்? நான் ஓடினேன். அக்கா நீளப் பலகை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே நின்று கையை ஆட்டினேன். அவர் கண் பலகையை விட்டு நகரவில்லை. அறுத்து முடித்து, சுவிட்சை அணைத்து, பிளேடு சுற்றிச் சுற்றி ஓய்கிற வரை ஒரு கையை எனக்கு எதிரே உயர்த்திப் பிடித்தபடி நின்றார். பிளேடின் பல் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

வீட்டுக்காரர்தான். ரோட்டோரத்தில் சோறு பொங்குகிறாராம், துவரம்பருப்புக்கு எத்தனை விசில் என்று கேட்கிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமாவுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால் என்று கேட்டேன்.

“அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, நான் அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்தாலும் அது அப்புடியேதான் இருக்கும் தம்பி. எனக்கு ஆகுறதுக்கு அஞ்சு நிமிஷம் வேணாம்” என்றார்.

இந்த வழக்கங்களில் ஒன்றுதான் தெருவுக்குப் பிடிக்கவில்லை. மிஷினைத் தொடுமுன் அக்கா கையில் இருக்கிற வளையலை எல்லாம் கழற்றிவிடுவார். புருஷன் உயிரோடு இருக்கிறவள், அதுவும் ரோட்டில் லாரி ஓட்டுகிற புருஷன், அவள் மூளிக்கையோடு நிற்கலாமா என்று பெண்கள் பேசினார்கள். எனக்கும் அது உறுத்தியது. பூஜை பார்க்கிறவன் என்கிற உரிமையில் போய்ச் சொன்னேன். மாமா நல்லபடியாகப் போய் வர வேண்டாமா என்று கேட்டேன்.

அக்கா முகம் வாடிவிட்டது. சாமி விஷயத்தில் அவர் எதிர்த்துப் பேச மாட்டார். எங்கள் கோயிலில் செவ்வாய், வெள்ளி விளக்குப் போடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். இரண்டு நாள் மிஷின் ஓடவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஷெட்டில் மாட்டியிருந்த அம்மன் படத்தின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து வளையல்களை அதில் போட்டிருந்தார்.

“வேலை முடியிற வரைக்கும் ஆத்தா போட்டிருக்கட்டும். முடிச்சதும் நான் வாங்கிப் போட்டுக்கிறேன். இது குத்தமா தம்பி?”

குற்றமில்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசிவரை சொல்லவில்லை.

இனி அந்த ஆயுத பூஜை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் லாரிக்கார மாமா பூஜைக்கு ஊரில் இருந்தார். லாரிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நான்தான் தீபாராதனை காட்டினேன். பிறகு ஷெட்டுக்குள் போனோம். மற்ற வருடங்களில் அக்கா மிஷினின் மூடிமேல் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். நானும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த வருடம் நாலு பேர் கூடி நின்றார்கள். எனக்கு என்னமோ ஒரு மிதப்பு. மூடிக்கா பூஜை, வேலை செய்வது பிளேடுதானே, பொட்டு அதில் அல்லவா வைக்க வேண்டும் என்றேன். அக்கா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். நான் பிளேடுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தேன். உளி, இழைப்புளி, சுத்தியலோடு தள்ளுகட்டையையும் அம்மன் படத்தின் முன்னால் அடுக்கி, மேலே பூப் போட்டேன். மூடியையும் அங்கேதான் வைத்தேன்.

மறுநாள் காலை விஜயதசமி. எங்கள் பக்கத்தில் அன்று பூஜையைப் பிரித்ததும் அவரவர் கருவியில் கொஞ்சம் வேலை பார்க்க வேண்டும். தையல்காரர் நாலு தையல் போடுவார். லாரி எலுமிச்சம்பழத்தில் ஏறி இறங்கும். அக்கா ஒரு கட்டை அறுக்க வேண்டும்.

அக்கா பட்டுச்சேலையில் இருந்தார். கையில் மாமா இந்தூரிலிருந்து வாங்கி வந்த கவரிங் வளையல். மிஷினைச் சுற்றிக் கோலமாவுக் கோடு இல்லை. அந்த இடத்தில் பெரிய பூக்கோலம் போட்டு, அதன்மேலேயே எல்லோரும் நின்றார்கள். அக்கா வளையலைக் கழற்றப் போனார். நல்ல நாள், மாமா பக்கத்தில் நிற்கிறார், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று நான் தடுத்தேன். மாமாவும், சாமி சொல்லுதுல்ல, விடு என்றார். என்னைத்தான் அவர் சாமி என்பார்.

அக்கா மூடியை எடுக்கக் கை நீட்டினார். “மூடியவாச்சும் போட்டுக்கிறேன் தம்பி.”

“பொட்டு அழிஞ்சிரும்க்கா. ஒரு கட்டைதான. சாமி பாத்துக்கிரும்” என்றேன்.

இந்த வார்த்தையை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

தள்ளுகட்டை பூவுக்குள் இருந்தது. கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்ததால் அடுக்கைக் கலைக்க அக்கா தயங்கினார். ஒரு சாண் துண்டை எடுத்தார். பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். அந்தக் குரலில் அன்று நான் மூச்சை அடக்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

துண்டு பாதி போனதும் துள்ளித் திரும்பியது. அக்கா கையை இழுத்தார். பலகை சாய்ந்து போகாமல் இருக்க மேசையில் ஓரக் கட்டை ஒன்று உண்டு. அதன் முனையில் வளையல் மாட்டியது. கண்ணாடி வளையல் என்றால் உடைந்து விட்டிருக்கும். இது உடையவில்லை, கையைப் பிளேடு பக்கத்திலேயே பிடித்து நிறுத்திவிட்டது. கண் இமைக்கிற நேரம்தான்.

கத்தியது நாங்கள். அக்கா கத்தவில்லை. இடது கையால் சுவிட்சை அடித்து அணைத்தார். மாமா பாய்ந்து பிடிக்க வந்தார். அக்கா ரத்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறு கையை நீட்டித் தடுத்தார்.

“யாரும் கிட்ட வராதீங்க. அது இன்னும் நிக்கல.”

பிளேடு ஓய்கிற வரை எங்களை நிறுத்தி வைத்துவிட்டு, அதன் பிறகே உட்கார்ந்தார். பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பிடுங்கினேன்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் கணுவோடு போயின. மதுரைக்குப் போகிற வழியெல்லாம் ஆட்டோவில் நான் கந்தசஷ்டிக் கவசம் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். விரல்களைக் காக்க வேண்டிய நேரத்தில் மணி அடித்தவன் இப்போது கவசம் சொல்கிறேனே என்று அவருக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ. அவர் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது.

ஒரு வாரத்துக்குள் தெருவில் பேச்சு எழுந்துவிட்டது. வருஷக்கணக்கில் வளையலைக் கழற்றிப் போட்டாள், ஆத்தா கேட்டுவிட்டாள் என்று. கோயிலில் ஒரு அம்மா என்னிடமே கேட்டார், இது சாமி குற்றம்தானே என்று. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சாமி காரியத்தில் நாம் என்ன சொல்ல என்று சொல்லி, விபூதித் தட்டை நீட்டினேன். அது போதுமாயிருந்தது. பூஜைக்காரரே ஒத்துக்கொண்டார் என்று ஆகிவிட்டது.

பேச்சு அக்கா காதுக்கும் போயிற்று. கட்டுப் போட்ட கையோடு இருந்தவரைப் பார்க்கப் போனேன். நலம் விசாரித்த பிறகு கேட்டார்.

“தம்பி, அன்னைக்கு என் கையில வளையல் இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சுக்கா.”

“அதை மட்டும் கோயில்ல சொல்லிருங்க. எனக்காக இல்ல. இந்தத் தெருவுல மாவு மில்லு இருக்கு, தையல் மோட்டாருல பொம்பளப் புள்ளைக உக்காருதுக. நான் பட்டதைத் தலைகீழாக் கேட்டுச்சுகன்னா, அதுகளும் கையக் குடுத்துரும்.”

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் கழற்றச் சொன்னது என்றும் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டம் அதிகமாக இருந்தது. அடுத்த வெள்ளி சொல்லலாம் என்று விட்டேன்.

நாலு மாதம் கழித்து அடுத்த வீட்டில் மறுபடி மிஷின் சத்தம் கேட்டது. மூன்று விரல் கையோடு அக்கா கோடு போட்டார், மூடி போட்டார், தள்ளுகட்டைக்குப் புதிதாக ஒரு பிடி செய்து மாட்டினார். அந்தச் சத்தத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. காதில் துணியைச் சொருகிக்கொண்டு பஸ் நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவேன். தெரு அவரிடம் அலமாரி செய்யச் சொல்வதைக் குறைத்துக்கொண்டது. ஆத்தா தண்டித்த கையால் செய்த அலமாரியில் சாமியை வைக்கலாமா என்று பேசினார்கள். அடுத்த வருடம் திண்டுக்கல் பக்கம் குடிபோனார்கள். மாமாவின் லாரியிலேயே மிஷினை ஏற்றினார்கள். நான் போய்த் திருநீறு கொடுத்தேன். அக்கா இடது கையால் வலது கையைத் தாங்கி வாங்கிக்கொண்டார்.

“சொன்னீங்களா தம்பி?” என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டல். அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் பங்குனியில் மாவு மில்லுக்குப் போயிருந்தேன். மில்லுக்காரம்மாவின் மருமகள் புதிதாக வந்தவள். மிளகாய் அரைக்க உட்காருமுன் வளையலைக் கழற்றப் போனாள். பெல்ட் அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. மில்லுக்காரம்மா அதட்டினார். “கழட்டாத புள்ள. ரம்ப மிஷின் வீட்டுக்காரி இப்புடித்தான் கழட்டிக் கழட்டிப் போட்டா, ரெண்டு வெரலு போச்சு. இந்தா நிக்கிறாரே சாமி, இவரைக் கேளு.”

அந்தப் பெண் கழற்றிய வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அங்கேயே சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அன்று கையில் வளையல் இருந்தது, நான்தான் கழற்ற விடவில்லை, மூடியும் நான் சொல்லித்தான் கழற்றினார் என்று. மில்லுக்காரம்மா மோட்டாரை அணைக்காமலே கேட்டார். கேட்டு முடித்து, கண் கலங்கி, மருமகளிடம் திரும்பினார்.

“பாத்தியா, பெரிய மனசு. ஊர விட்டுப் போன பொம்பள மானத்தைக் காப்பாத்த, பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு.”

ஆறு வருட மௌனம் எனக்கு இப்படி ஒரு பெயரைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. நான் என் குற்றத்தைச் சொன்னால் அதுவும் புண்ணியக் கணக்கில் போகிறது. நேற்றும் அந்த வழியாகப் போனேன். மோட்டார் சத்தத்தோடு வளையல் சத்தமும் கேட்டது. நின்று கேட்டுவிட்டு நடந்தேன்.

வாயால் சொன்னது நிற்கவில்லை. அதனால் எழுதிவிட்டேன். படித்தவர்கள் உங்கள் வீட்டில், தெருவில் சொல்லுங்கள். கதைக்கு ருசி வேண்டும் என்று அம்மனின் கோபத்தை இதில் சேர்க்காதீர்கள். ஆத்தா யார் விரலையும் கேட்கிறவள் இல்லை. முக்கியமாக, சாமி பார்த்துக்கொள்ளும் என்று நான் சொன்ன இடம் வரும்போது, பூஜை பார்க்கிற மனிதனாயிற்றே, போகட்டும் என்று என்னை விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். என்னை எடுத்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்வது மில்லுக்காரம்மா சொல்கிற கதைதான்.